இரண்டு ஓ.டி.

எங்கள் இருவருக்கும் நடுவே நின்ற பிளைவுட் தடுப்பை முதல்வர் ஒரு சனிக்கிழமை ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர். அந்தப் பக்கம் பொருளாதாரத் துறைப் பேராசிரியர் ஒருவர், மாணவர்களின் படிப்பு ஆலோசகர். எந்தப் பாடத்தை எடுப்பது, அரியரை எப்படி முடிப்பது, வருகைப்பதிவு குறைந்தால் யார் காலில் விழுவது என்பதெல்லாம் அவர் பாடு. மூன்று வருடம் முடித்தவர்களை எங்கேயாவது உள்ளே தள்ளிவிடுவது என் பாடு. "இனிமே படிப்பும் வேலையும் ஒரே மேசை. பிள்ளைங்க ரெண்டு கதவைத் தட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முதல்வர் தன் ஏ.சி. அறைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் ஒரே மின்விசிறிக்குக் கீழே மாட்டிக்கொண்டோம்.

முதல்வர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தின வருடம் ஒரு பையனிடம் நான் "கிடைச்ச வேலையில சேரு, மேற்படிப்பைத் தபாலில் படிக்கலாம்" என்றேன். அவன் நேராகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனான். "வேலை எங்கயும் ஓடிப் போகாது, முதல்ல எம்.ஏ. சேரு" என்றார் இவர். பிளைவுட்டின் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. பையன் இரண்டையும் செய்யவில்லை. காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டப் போய்விட்டான். வழியில் பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வணக்கமாகப் போடுவான்.

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. இராயபுரத்தில் பிறந்தவள் நான். கல்லூரிக்கு வருவதற்கு முன்பு எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கின் ஆபீசில் ஆட்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாமே ஓட்டம்தான். இங்கேயும் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும். ஒன்று நகர்ந்தால் எங்கள் அறைக் கண்ணாடி எல்லாம் நடுங்கும். அதோடு சேர்ந்து நானும் எழுந்து விடுவேன், காரணமே இருக்காது. பேராசிரியரோ ஒரு பேனா மூடியைத் திறப்பதற்குள் எனக்கு ஒரு டீ ஆறிப்போகும். "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும் மேடம்" என்பார். "காற்றுள்ளபோதே தூற்றிக்கணும் சார்" என்பேன். இரண்டு பழமொழியும் தீர்ந்துபோனால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். வேதியியல் மூன்றாம் வருடம், கடைசி செமஸ்டர். வீடு திருவொற்றியூரில். வகுப்பில் முதல் மாணவி எல்லாம் இல்லை, ஆனால் ஆய்வகத்தில் அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை என்று அவள் துறையில் சொல்வார்கள். மணலிப் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனி தரப் பரிசோதனை ஆய்வகத்துக்கு ஆள் கேட்டிருந்தது. நான் அனுப்பியவர்களில் இவளை மட்டும் எடுத்தார்கள். எங்கள் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு வேதியியல் வேலைக்கே போவது என்பது அபூர்வம். பெரும்பாலும் மொபைல் கடை, இல்லையென்றால் கடன் வசூல் பண்ணுகிற கால் சென்டர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அவர்களுக்கு ஆள் உடனே வேண்டும். வருகிற திங்கட்கிழமையே சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இவளுக்கோ செமஸ்டர் பாதிதான் ஓடியிருந்தது. இப்போது வேலைக்குப் போனால் வருகை குறையும், வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது, பரீட்சை எழுதாவிட்டால் பட்டம் போச்சு. பட்டம் இல்லையென்றால் அந்த ஆய்வகத்தில் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஆக, வேலைக்காகப் படிப்பை விட்டால் இரண்டும் போகும். படிப்புக்காக வேலையை விட்டால் வேலை மட்டும் போகும். ஆனால் அந்த மாதிரி வேலை திரும்பி வருமா?

"சேத்துல ஒரு கால், ஆத்துல ஒரு கால் வேண்டாம்மா" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், பிறகு சொன்னார்.

"கடைசி செமஸ்டர்ல பிராஜெக்ட் இருக்கில்ல. அதை அந்தக் கம்பெனி லேப்லயே பண்ணட்டும். அந்த நாளுக்கெல்லாம் ஓ.டி. போட்டுடலாம்."

"பொண்ணுக்கு எதுக்கு சார் ஓ.டி.?" என்று பாய்ந்தேன் நான்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இந்த வட்டாரத்தில் ஓ.டி. என்றால் ஓவர்டைம். கிடங்கிலும் துறைமுகத்திலும் ஆலையிலும் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் கல்லூரிக்குள் ஓ.டி. என்றால் 'ஆன் டூட்டி'. மாணவர் விளையாட்டுப் போட்டிக்கோ, வேறு கல்லூரி விழாவுக்கோ, முகாமுக்கோ போயிருப்பார். வகுப்பில் இருக்க மாட்டார். ஆனாலும் வந்ததாகவே வருகைப்பதிவில் சேரும். கல்லூரிக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு முதலில் பழைய ஓ.டி.தான் காதில் விழும்.

தடுப்பைப் பிடுங்கிய பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட முதல் யோசனை அதுதான். வேலையும் போகாது, பட்டமும் போகாது. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல். முதல்வரிடம் போய்ச் சொன்னோம், அவர் தானே கண்டுபிடித்த மாதிரி தலையாட்டினார். வீட்டில் ஒப்புதல் மட்டும் வாங்கினால் போதும். அவள் அப்பாவுக்கு நானே போன் போட்டேன். ஆறப் பொறுக்கிற ஜாதியா நான்!

அவள் அப்பா ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி. போனை எடுத்தபோது பின்னால் கிரேன் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் கத்திச் சொன்னேன்: "உங்க பொண்ணை கம்பெனிக்கு அனுப்புறோம். ஓ.டி. போட்டு அனுப்புறோம், நீங்க கவலைப்படாதீங்க!"

அந்தப் பக்கம் ஒரு நிமிடம் கிரேன் மட்டும் பேசியது. பிறகு அவர், "வாணாம்மா" என்றார். போன் அணைந்தது.

மறுநாள் அந்தப் பெண் வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"அந்தக் கம்பெனி வாணான்றாரு மிஸ், எங்க நைனா."

"ஏன்?"

"தெர்ல மிஸ். அந்தப் பேச்ச எடுத்தாலே ஏந்து வெளிய பூட்றாரு. அம்மாவும் பேசாதன்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"நா போணும் மிஸ்." அவ்வளவுதான் சொன்னாள். கண் கலங்கவில்லை, மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

அடுத்த இரண்டு நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள் என்று ஒரு நேரம் தோன்றியது. ஆலை வேலை என்றால் சொந்தக்காரர்கள் நாலு பேர் பேசுவார்கள் என்று பயப்படுகிறாரா? பேராசிரியரே ரகசியமாக அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, படிப்பை முடிக்கட்டும் என்று கலைத்துவிட்டாரோ என்றும் சந்தேகம் வந்தது. அதை மனசில் வைத்துக்கொண்டிருந்தால் நான் நானாக இருக்க மாட்டேன். கேட்டே விட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், என் வாழ்க்கையில முதல் தடவையா நான் ஒருத்தங்களை வேலைக்கு அனுப்பலாம்னு சொல்லியிருக்கேன். அதையும் நானே கலைப்பேனா?" என்றார். அவர் குரலில் அத்தனை வருத்தத்தை நான் கேட்டதில்லை. எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு டீ சொன்னேன்.

கம்பெனிக்காரர் இதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். அவள் அப்பா என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதே இல்லை. கடைசியில் அவளிடம், "உங்க அப்பாவை இட்டுக்கினு வா. அரியரு, அது இதுன்னு எதையாவது சொல்லு" என்றேன். கோபம் வந்தால் எனக்குக் கல்லூரித் தமிழ் மறந்துபோகும், இராயபுரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். யார்டு உடுப்பிலேயே இருந்தார். இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் மகள் கதவை ஒட்டி நின்றாள்.

"எம் பொண்ணுக்கு ஓ.டி. போட நீங்க யாரும்மா?" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் அவர் குரலைக் கேட்டு வராந்தாவில் இருந்த மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நா பட்டது போதாதா? பொட்டப்புள்ள, படிக்கிற புள்ள. அத்தப் போயி ஓ.டி.ல வுட்றேன்றீங்க. ஒரு காலேஜுன்னு நம்பித்தானே அனுப்புனேன்."

எத்தனை வருடம் ஓ.டி. கணக்குப் போட்டவள் நான்! பேராசிரியர் சொன்னபோது எனக்கே அந்த ஓ.டி.தான் காதில் விழுந்தது. அதே வார்த்தையை, யார்டில் நிற்கிற மனிதரிடம், கிரேன் சத்தத்துக்கு நடுவே கத்தியிருக்கிறேன். அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்?

பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். தன் வழக்கப்படி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னார். இது ஓவர்டைம் இல்லை. ராத்திரி வேலையும் இல்லை. பெண் பகலில் கம்பெனிக்குப் போவாள். அந்த நாளெல்லாம் கல்லூரிக்கு வந்ததாகவே பதிவாகும். பரீட்சைக்கு ஒன்றும் ஆகாது.

அவள் அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். "இங்க வராமயே வந்த மாதிரியா?"

"ஆமாம். அதுதான் எங்க ஓ.டி."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் இனிமேல் எல்லாம் சரி என்று நினைத்தேன்.

"எங்க ஓ.டி. வேற சார். வந்தும் வராத மாதிரி" என்றார். "இந்தக் காலு எப்டி ஆச்சின்னு இத்த கேளுங்க" என்று மகளைக் காட்டினார். அவரே சொன்னார். ஷிப்டு முடிந்த பிறகு, இன்னும் ஒரு வண்டி இருக்கிறது, முடித்துவிட்டுப் போ என்றார்களாம். கன்டெய்னரைக் கட்டுகிற இரும்புத் தடி சரிந்து காலில் விழுந்தது. "ஆஸ்பத்திரில கெடக்கறேன். கான்ட்ராக்டரு இன்னான்றான் தெரியுமா? அவன் ஷிப்டு முடிஞ்சி பூட்டான், அப்பால அவன் ஏன் உள்ள கீறான்னு எங்களுக்குத் தெரியாதுன்றான். ரத்தம் அங்க கீது. நா அங்க இல்லியாம்."

வெளியே ஒரு லாரி நகர்ந்து கண்ணாடி நடுங்கியது. நான் எழுந்திருக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க சார்" என்றார் அவர், இப்போது குரலை இறக்கி. "எம் பொண்ணு காலேஜ்ல கீறான்னு நீங்க எழுதிட்டீங்க. அவ அங்க கெமிக்கலு வெச்சி வேல செய்யுது. எதனா ஒண்ணு ஆச்சி. அன்னிக்கி அவ எங்க கீறா?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். அவருக்கு எதற்கும் ஒரு விதி வாயில் இருக்கும். அன்று பேனா மூடியைத் திருகினார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். படிப்பை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது, வேலையை மட்டும் பார்த்திருந்தாலும் வந்திருக்காது. இரண்டையும் ஒரே மேசையில் சேர்த்து, நாங்களே பெருமைப்பட்டுக்கொண்ட யோசனைக்கு நடுவே அந்தப் பெண் நிற்க இடமில்லாமல் போயிருந்தது. அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. போனை எடுத்துக் கம்பெனியின் மனிதவள அதிகாரிக்குப் போட்டேன், எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

விஷயத்தைச் சொன்னேன். பெண் உங்கள் ஆய்வகத்தில் இருக்கிற நேரத்தில் ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது?

"மேடம், செமஸ்டர் முடியற வரைக்கும் அவங்க உங்க ஸ்டூடன்ட்தானே? பிராஜெக்டுக்குத்தானே வர்றாங்க? அப்போ காலேஜ்தான் பாத்துக்கணும்" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

அவள் அப்பா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ தெரியாது. "இன்னா சார் பேசறீங்க?" என்று ஆரம்பித்தேன். "திங்கக்கெழமையே வேணும்னு பேஜாரு குடுத்தது யாரு? வேல வாங்கறப்ப ஒங்க ஆளு, அடிபட்டா எங்க ஸ்டூடன்ட்டா? எந்த ஊரு நாயம் இது?" பேராசிரியர் என் கையைத் தொட்டார். அவர் இருபத்து நாலு மணி நேரமும் எனக்குச் சொல்கிற 'நிதானம்'தான் என்று நினைத்தேன். இல்லை. போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நாங்க ரெண்டே ரெண்டு வரி கேக்கறோம் சார். அவங்க உங்க இடத்துல இருக்கற நேரமெல்லாம் உங்க ஆள்னு நீங்க எழுதுங்க. எங்க அனுமதியிலதான் அங்க இருக்காங்கன்னு நாங்க எழுதறோம். முதல் நாள்லேருந்தே இன்ஷ்யூரன்ஸ் இருக்கணும். இல்லைன்னா ஓ.டி. போட மாட்டேன்" என்றார். அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்தப் பக்கம் தயங்கினார்கள். சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் அதெல்லாம் வழக்கம் என்றார் அதிகாரி. வேறு ஒரு பெயரும் தங்களிடம் இருக்கிறது என்றார்.

அப்போது கதவோரம் நின்றவள் மேசைக்கு வந்தாள். "சார், நாந்தான் பேசறேன்" என்றாள். "எனக்கு அந்த வேலை வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா நான் எங்க இருக்கேன்னு எழுதித் தராம நான் வர மாட்டேன். வேற பேரு இருந்தா அவங்களையே எடுத்துக்கோங்க."

போச்சு, கையில் வந்த வேலை போச்சு என்று நினைத்தேன். அவளைத் தடுக்க வாயெடுத்தேன், நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன். அதிகாரி மேலே கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்.

அவள் அப்பா போகவில்லை. அவருக்குப் பகல் ஷிப்டு இருந்தது. போகட்டும் என்று சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்றார். பேராசிரியர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார். அவர் மறுத்துப் பார்த்து, பிறகு சாப்பிட்டார். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். "உக்காரும்மா, தல சுத்துது" என்று அவரே என்னிடம் சொன்னார். மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடினேன். வேறு மாணவர்கள் வந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆலோசனை சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. அந்தப் பெண் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் படியிறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கடிதம் வந்தது. நான் படித்தேன். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அச்சடித்துப் பெண்ணின் கையில் கொடுத்தோம்.

"இன்னா போட்டுக்கீது?" என்றார் அவள் அப்பா. "படி."

அவள் ஆங்கிலத்தில் படித்தாள். "தமிழ்ல சொல்லு" என்றார். அவள் தன் பெயரைச் சொன்னாள், அவர் மகள் என்று போட்டிருப்பதைச் சொன்னாள். இன்ன தேதியிலிருந்து, எங்கள் ஆய்வகத்தில் இருக்கிற நேரம் முழுக்க இவர் எங்கள் ஆள், இவருக்கு இங்கே எது நேர்ந்தாலும் அது எங்கள் பொறுப்பு என்று சொன்னாள்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு தபா."

அவள் மறுபடி சொன்னாள். இந்த முறை அவளால் முழுவதும் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டாள். அவர் தாளை அவள் கையிலிருந்து வாங்கினார். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளில் மகளின் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பேராசிரியர் விரலால் காட்டினார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சரி சார்" என்றார். "போட்டுக்கோங்க உங்க ஓ.டி.ய."